சார்ஜில் கிடக்கும் வேப்: தண்ணீர்மலை வெக்கையும் ஒரு சிறிய பேட்டரியும்

வேப் எனப்படும் மின்சிகரெட் பேனாவுக்குள் இருப்பவை மூன்று: ஒரு லித்தியம்-அயன் பேட்டரி, அதை ஆளும் விரல்நக அளவு மின்சுற்றுப் பலகை, திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருள். இழுப்பவருக்குத் தெரிவது சுருளின் வேலை மட்டும். தீப்பிடிப்பது ஏறத்தாழ எப்போதுமே பேட்டரி. அந்தப் பேட்டரிக்கு மின்சாரம் ஏறும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் அதிகக் கவனம் வேண்டிய நேரம். அந்த நேரத்தில்தான் அது பெரும்பாலும் தலையணைக்குப் பக்கத்தில், பார்ப்பார் இல்லாமல் கிடக்கிறது.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2014இல் வெளியிட்ட முதல் அறிக்கை, 2009 முதல் அந்நாட்டில் செய்தியான 25 மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களை எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் 20 சம்பவங்கள் சார்ஜ் ஏறும்போது நடந்தவை. கருவியோடு வராத வேறு சார்ஜரில் போட்டதே அவற்றில் பலவற்றுக்குக் காரணம் என்றும் அது சொன்னது. 2017இல் வந்த இரண்டாம் அறிக்கை 2009 முதல் 2016 வரையிலான 195 சம்பவங்களைத் தொகுத்தது. 133 பேர் காயமுற்றனர். அதில் 38 பேருக்குக் கடுமையான காயம். 61 சம்பவங்கள் கருவியோ உதிரி பேட்டரியோ உடையின் பையில் இருந்தபோது நடந்தவை. வாயில் வைத்து இழுத்தபோது 60, சார்ஜில் இருந்தபோது 48. சார்ஜின் பங்கு கால்வாசியாக இறங்கியது என்று இதைப் படித்து நிம்மதி அடைய முடியாது. உதிரி பேட்டரி போடும் பெரிய கருவிகள் இடையில் பெருகியதால் பையில் வெடிப்பவை கூடின. சார்ஜில் வெடிப்பவையும் எண்ணிக்கையில் கூடவே செய்தன.

பினாங்குத் தீவின் தண்ணீர்மலைப் பக்கம் இந்தக் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஜாலான் கெபுன் பூங்கா நெடுகிலும், பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் படிகள் தொடங்கும் அடிவாரத்திலும், அதைச் சுற்றிய அடுக்குமாடி வீடுகளிலும் பகல் வெப்பம் ஆண்டு முழுக்க 31, 32 டிகிரியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரம் வேறு. வெயிலில் நிறுத்திய காடியின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். லித்தியம்-அயன் பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் குறிக்கும் வரம்பு 0 முதல் 45 டிகிரி வரை. குளிர்நாட்டு வழிகாட்டிகள் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் போடாதீர் என்று முதல் வரியில் எச்சரிக்கும். பினாங்கில் கவலை மறுமுனையில்: அறை வெப்பமே 32 டிகிரியில் இருக்கும் இடத்தில் 45க்கு எட்டிவிட அதிகத் தூரமில்லை.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது

லித்தியம்-அயன் பேட்டரியை 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய ஆய்வுகளுக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கும். மூன்றையும் சேர்த்துச் சுருட்டி, எளிதில் தீப்பற்றும் கரைப்பானில் நனைத்து, தகரக் குழாயிலோ வெள்ளிநிறப் பையிலோ அடைத்துவிட்டால் பேட்டரி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து எதிர்முனையின் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன; இழுக்கும்போது திரும்பிவிடுகின்றன.

கிராஃபைட்டுக்குள் இடம் கிடைப்பதை விட வேகமாக அயனிகள் வந்து சேர்ந்தாலும், இடம் நிறைந்த பிறகும் வந்துகொண்டே இருந்தாலும், அவை மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடும். படிவு ஊசிபோல் வளர்ந்து படலத்தைக் குத்தினால் உள்ளேயே இரு முனைகளும் சேர்ந்துவிடும். பேட்டரி 100 டிகிரியை நெருங்கும்போது தகட்டின் மேலிருக்கும் காப்புப் படிவு சிதையத் தொடங்கித் தானே வெப்பத்தை விடுகிறது. ஏறக்குறைய 130 டிகிரியில் பிளாஸ்டிக் படலம் உருகுகிறது. அதற்கும் மேலே போனால் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளிவிடும். தீக்கு வெளிக்காற்றுகூடத் தேவையில்லாமல் போகும். வெப்பம் வினையைத் தூண்ட, வினை மேலும் வெப்பத்தைத் தர, சில விநாடிகளில் காரியம் கைமீறிவிடும். பேனா வடிவம் இந்த இடத்தில் கெடுதல் செய்கிறது. நீண்ட உலோகக் குழாயில் பலவீனமான இடம் அதன் இரு முனைகள்தான். அழுத்தம் ஏறினால் ஒரு முனை பிய்த்துக்கொண்டு மற்றப் பகுதி பாய்ந்து போகும். இது ராக்கெட்டைப் போல் பாய்வதாக அமெரிக்க அறிக்கைகளே எழுதின.

சிறிய பேனாவின் பேட்டரி 350 மில்லி ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். கைப்பேசியில் இருப்பது சாதாரணமாக 5,000. பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இதற்குப் பயப்படுவானேன் என்று தோன்றலாம். ஆனால் கைப்பேசி தன் ஆற்றலை நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் செலவழிக்கிறது. வேப்போ ஒவ்வோர் இழுப்புக்கும் இரண்டு மூன்று ஆம்பியரை ஒரே மூச்சில் உறிஞ்சுகிறது. கைப்பேசிப் பேட்டரிக்குப் பின்னால் வெப்பமானி, கணக்கிடும் சில்லு, மென்பொருள் என்று ஒரு காவல் படையே இருக்கிறது. மலிவு விலை வேப்பில் இவற்றில் பெரும்பாலானவை இருப்பதில்லை. பொம்மையைப் போல் விற்கப்படுவதால் பொம்மையைப் போலவே கையாளப்படுகிறது. பிரச்சினையில் பாதி அங்கேதான்.

திரவம் அடைத்த ‘பாட்’ என்ற குப்பியைக் கழற்றி மாட்டும் பாட் வேப் ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்தால் காவல் எவ்வளவு மெல்லியது என்பது புரியும். வெள்ளிநிறப் பையில் பேட்டரி. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். இழுப்பை உணரும் பொத்தான் அளவு உணரி. பச்சைப் பலகையில் எட்டுக் கால் சில்லு ஒன்று, அதன் பக்கத்தில் கடுகளவு மின்தடைகள். டிபி4056 என்ற, உலகெங்கும் புழங்கும் மலிவான சார்ஜ் சில்லை எடுத்துக்கொண்டால், ஏற வேண்டிய மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது அந்த மின்தடைகளில் ஒன்றே ஒன்று. 1.2 கிலோ ஓம் வைத்தால் 1 ஆம்பியர் ஏறும். 2 கிலோ ஓம் வைத்தால் 580 மில்லி ஆம்பியர். பேட்டரி சிறியதாக இருக்கும்போது தொழிற்சாலையில் தவறான மின்தடையை ஒட்டிவிட்டால், எத்தனை நல்ல சார்ஜரை வாங்கினாலும் பேட்டரிக்கு அளவுக்கு மீறித்தான் ஏறும். வாங்கும் இடமும் சான்று முத்திரையும் முக்கியம் என்று சொல்வதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கடுகுதான்.

சார்ஜ் ஏறும் முறை

பேட்டரிக்கு மின்சாரம் ஒரே சீராக ஏறுவதில்லை. மின்னழுத்தம் 2.9 வோல்ட்டுக்குக் கீழே வறண்டு போயிருந்தால் சில்லு முதலில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை மட்டும் விட்டுப் பார்க்கும். பிறகு முழு மின்னோட்டத்தில் ஏற்றும். 4.2 வோல்ட்டை எட்டியதும் அழுத்தத்தை அங்கேயே நிறுத்தி வைத்து, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, பத்தில் ஒரு பங்காக இறங்கியதும் நிறுத்திவிடும். கடைசி இருபது விழுக்காடு ஆமை வேகத்தில் ஏறுவது இதனால்தான். பேட்டரி பழுதானதன் அறிகுறி அல்ல. 350 அளவுள்ள பேனா ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்திலும், 900 அளவுள்ள பாட் கருவி இரண்டு இரண்டரை மணி நேரத்திலும் நிறைந்துவிட வேண்டும். அதற்கு மேல் வெகுநேரமாகியும் விளக்கு நிறம் மாறாவிட்டால், அல்லது பத்தே நிமிடத்தில் நிறைந்ததாகக் காட்டினால், அந்தக் கருவியை மேற்கொண்டு சார்ஜில் போடாமல் ஒதுக்கிவிடுவதே சரி.

இரவு முழுக்கப் போட்டு வைத்தால் என்ன என்பது எங்கும் கேட்கப்படும் கேள்வி. நல்ல சில்லு இருந்தால் 4.2 வோல்ட்டில் நின்றுவிடும், ஒன்றும் ஆகாது. சில்லு பழுதானால் நிறுத்துவதற்கு யாரும் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போட வேண்டும் என்ற விதியின் அடிப்படை இவ்வளவுதான். தீ எரியத் தொடங்கும் முன் பேட்டரி பெரும்பாலும் ஏதாவது ஒரு அறிகுறியைக் காட்டும்; அதைப் பார்க்க ஒருவர் அறையில் இருக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிடும் நேரத்துக்குள் முடித்துவிடக்கூடிய காரியம் இது.

பேட்டரியின் ஆயுளைப் பார்த்தாலும் முழுக்க வறளவிட்டு முழுக்க நிரப்புவது நல்லதல்ல. விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் போட்டு, நிறைந்ததும் கழற்றிவிடுவது போதும். ஒரு வாரத்துக்கு மேல் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி அளவில் வைப்பது நல்லது. முழுச் சார்ஜில், சூடான இடத்தில் கிடக்கும் பேட்டரிதான் மிக வேகமாகக் கிழடு தட்டும்; உள்ளே வாயு சேர்ந்து உப்புவதும் அங்கேதான்.

சார்ஜரும் கேபிளும்

பேனாவுடன் பெட்டியில் வந்த கேபிளைப் பயன்படுத்துவது முதல் விதி. பெட்டியில் பெரும்பாலும் கேபிள் மட்டும்தான் வரும், அடாப்டர் வராது. அதற்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் பழைய கைப்பேசி அடாப்டரே நல்ல தேர்வு. கணினியின் சாதாரண யுஎஸ்பி துளையும் பொருந்தும். அது 500 மில்லி ஆம்பியர்தான் தரும், மெதுவாக ஏறும், அவ்வளவே.

மடிக்கணினிக்கு உரிய 65 வாட் சார்ஜரில் போட்டால் வேப் வெடித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மை அல்ல. தரமான டைப்-சி சார்ஜர் எந்தக் கருவிக்கும் முதலில் 5 வோல்ட்தான் தரும். கருவி கேட்டால்தான் 9, 15, 20 என்று ஏற்றும். வேப் அப்படிக் கேட்பதில்லை. எத்தனை ஆம்பியரை உள்ளே எடுப்பது என்பதும் வேப்பின் சில்லின் முடிவு. ஆனாலும் குறைந்த திறன் சார்ஜரையே பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு: வேப்புக்குள் ஏதேனும் சேர்ந்து எரியும் நிலை வந்தால், 65 வாட் சார்ஜர் அந்தப் பழுதுக்குள் தள்ளக்கூடிய மின்சாரம் மிக அதிகம். பெயர் தெரியாத, 5 வோல்ட்டிலேயே நிற்காத சார்ஜர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டைப்-சி வேப் வாங்கியவர்கள் அடிக்கடி சந்திக்கும் குழப்பம் ஒன்று: இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் மாட்டினால் விளக்கே எரியாது, பழைய அகலத் துளை அடாப்டரில் மாட்டினால் உடனே ஏறும். வேப் செத்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கியவர்களும் உண்டு. டைப்-சி துளையில் ‘இங்கே ஒரு கருவி இருக்கிறது’ என்று சார்ஜருக்கு அறிவிக்க 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு வேண்டும். சில சென் காசை மிச்சம் பிடிக்கத் தயாரிப்பாளர் அவற்றை விட்டுவிடும்போது சார்ஜர் மின்சாரத்தையே திறந்துவிடாது. ஆபத்து இல்லை. ஆனால் அந்த இரண்டு மின்தடைகளிலேயே கஞ்சத்தனம் காட்டியவர், வேறு எதிலெல்லாம் காட்டியிருப்பார் என்று யோசிக்க இடமிருக்கிறது.

510 திருகு கொண்ட மெல்லிய பேனாக்களின் கதை வேறு. அவற்றை ஒரு சிறிய திருகுச் சார்ஜரில் முறுக்கிச் சார்ஜ் போடுவார்கள். இந்த வகையில் சில மாடல்களில் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று பேனாவில் இல்லை, சார்ஜருக்குள் இருக்கிறது. நண்பரின் சார்ஜரை இரவல் வாங்கி முறுக்கினால் பேட்டரிக்குத் தன் காவலே இல்லாமல் போகலாம். முறுக்கும்போதும் விரல் நுனியால் தொட்டு நிற்கும் அளவு போதும். இறுக்கினால் நடுவிலுள்ள சிறிய ஊசிமுனை உள்ளே அமுங்கி, பக்கத்து உலோகத்தைத் தொட்டுவிடும்; அல்லது தொடர்பே விட்டுப்போகும். முதலாவது ஆபத்து, இரண்டாவது செலவு.

மலேசியச் சுவர்த்துளையில் வருவது சுமார் 230 வோல்ட். அதை 5 வோல்ட்டாக இறக்கும் அடாப்டருக்குள் உயர் அழுத்தப் பக்கத்துக்கும் தாழ் அழுத்தப் பக்கத்துக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். பாசார் மாலாம் என்ற இரவுச்சந்தையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் மிச்சம் பிடிக்கப்படுவது இந்த இடைவெளிதான். அந்தத் தடுப்பு உடைந்தால் சுவர் மின்சாரம் நேராகக் கேபிளுக்குள் வரும். எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரத்தோடு வரும் சிரிம் ஒட்டுச்சீட்டு அடாப்டரில் இருக்கிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான். மூன்று முனைப் பிளக்கின் மேலே இன்னொரு அடாப்டர், அதன் மேலே ஒரு நீட்டிப்பு ஒயர் என்று அடுக்கிக்கொண்டு போவதும் கூடாது. இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுவது பினாங்கு வீடுகளில் தொலைக்காட்சிக்குச் செய்யும் பழக்கம்தான், வேப்புக்கும் அதுவே.

தைப்பூசக் காலத்தில் இரதத்தோடு இரவெல்லாம் நடப்பவர்களும், தண்ணீர்ப் பந்தல்களில் நாள் கணக்கில் தங்குபவர்களும் பவர் பேங்கை நம்பியிருப்பார்கள். பவர் பேங்கில் வேப்பைச் சார்ஜ் போடுவதில் தவறில்லை. பல பவர் பேங்குகள் மின்னோட்டம் மிகக் குறைந்தால் தாமாகவே அணைந்துவிடுவதால் கடைசிச் சில விழுக்காடு ஏறாமல் நின்றுவிடும். அதில் கெடுதல் ஏதும் இல்லை. இரண்டையும் ஒரே பைக்குள் திணித்து, மேலே துண்டையும் போட்டு மூடி, வெயிலில் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதுதான் தவறு. சார்ஜ் ஏறும் பேட்டரி ஒன்று, இறங்கும் பேட்டரி ஒன்று, இரண்டின் சூடும் வெளியேற வழியில்லாத ஒரு பை.

எங்கே வைப்பது, என்ன பார்ப்பது

மெத்தை, சோபா, தலையணை, திரைச்சீலை, செய்தித்தாள் அடுக்கு, சாமி மாடத்தின் விளக்குப் பக்கம் ஆகியவை விலக்க வேண்டிய இடங்கள். ஓடு பதித்த தரை, சிமெண்டு மேடை, கண்ணாடி மேசை, பீங்கான் தட்டு போதும். வாசற்கதவுக்குப் பக்கத்தில், வெளியேறும் வழியில் வைப்பதும் சரியல்ல. தீப்பிடித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். நேர் வெயில் படும் ஜன்னல் விளிம்பும் காடியின் உட்புறமும் பினாங்கில் எந்த மாதத்திலும் கூடாது. வெளியே அலைந்துவிட்டு வந்து, உடம்புச் சூடும் வெயில் சூடும் சேர்ந்து கொதிக்கும் பேனாவை உடனே சார்ஜில் போடாமல் அரைமணி நேரம் மின்விசிறிக் காற்றில் ஆறவிட வேண்டும். குளிர்பெட்டிக்குள் வைத்து ஆற்றுவது வேண்டாம். வெளியே எடுத்ததும் துளைக்குள் நீர் வியர்க்கும்.

சார்ஜ் போடும் முன் திரவம் இருக்கும் பாட்டைக் கழற்றிவிடுவது நல்ல பழக்கம். சூட்டில் திரவம் இளகித் துளைக்குள் கசியும். கிளிசரின் கலந்த அந்தப் பசையில் தூசியும் வியர்வை உப்பும் சேர்ந்தால் சில வாரங்களில் தொடுமுனைகள் பச்சை பிடித்துவிடும். உலர்ந்த பஞ்சுக்குச்சியில் சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். குண்டூசியால் சுரண்டக் கூடாது. பொத்தான் உள்ள பேனாக்களில் பெரும்பாலானவற்றை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் அணைந்துவிடும். அணைத்த பிறகே சார்ஜும், சட்டைப் பையும். சார்ஜ் ஏறும்போதே இழுப்பது பலருக்குப் பழக்கம். ஒரே நேரத்தில் பேட்டரிக்குள் மின்சாரம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பதால் சூடு கூடுவதோடு, ஏதேனும் நேர்ந்தால் அது நேர்வது முகத்தில்.

உதிரி பேட்டரி போடும் பெரிய கருவிகளுக்கு வேறு ஒழுங்கு உண்டு. அவற்றில் புழங்கும் 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை. இதன் உலோக உடல் முழுவதுமே எதிர்முனை. மேலே நடுவில் உள்ள மொட்டு மட்டும் நேர்முனை. இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய வளையமும் வெளியே சுற்றிய பிளாஸ்டிக் உறையுமே காவல். உறை கிழிந்தால், சாவிக்கொத்தோ சில்லறையோ தொட்ட மாத்திரத்தில் முழு ஆற்றலும் கொட்டிவிடும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021இல் இந்த உதிரி 18650களை வாங்கவே வேண்டாம் என்று எச்சரித்தது. பெட்டிக்குள் காவல் சுற்றோடு அடைக்கப்படுவதற்காகத் தயாரிக்கப்பட்டவை அவை, தனித்தனியாக விற்பதற்கு அல்ல. பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு பேட்டரியையும் தனி பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, தனித் தனிக் குழி கொண்ட நல்ல வெளிச் சார்ஜரில் போடுவதே முறை. இரண்டு பேட்டரி போடும் கருவியில் பழையதையும் புதியதையும் கலப்பது கூடாது.

‘டிஸ்போசபிள்’ என்று விற்கப்படும் வேப்களிலும் இப்போது சார்ஜ் துளை இருக்கிறது. பத்து மில்லிலிட்டருக்கு மேல் திரவம் ஊற்றிவிட்டு 500, 600 அளவுப் பேட்டரியை வைத்தால் திரவம் தீரும் முன்பே பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் வந்த துளை அது. தூக்கி எறியவே செய்த பொருளில் வைத்த சார்ஜ் சுற்று எந்தத் தரத்தில் இருக்கும் என்பதை ஊகிக்கலாம். துளையே இல்லாத வகையை உடைத்து, ஒயரை நேராக யுஎஸ்பி கேபிளில் ஒட்டிச் சார்ஜ் ஏற்றும் வித்தையை இளைஞர்கள் ஒருவருக்கொருவர் கற்றுத் தருவதுண்டு. அந்தப் பேட்டரிக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 4.2இல் நிறுத்த எதுவும் இல்லை. இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றிலும் மிக ஆபத்தானது இதுதான்.

கெட்டுப்போனால்

உடல் உப்பியிருத்தல், பாட் சரியாகப் பொருந்தாமல் தள்ளிக்கொண்டு நிற்றல், இனிப்பான கரைப்பான் வாடை, சீறல் ஒலி, கையில் பிடிக்க முடியாத சூடு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் முதலில் சுவர்ச் சுவிட்சை அணைக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கக் கருவியைக் கையால் பிடிக்கக் கூடாது. சூடு மட்டும்தான் என்றால் இடுக்கியால் எடுத்து வெளியே சிமெண்டுத் தரையில் வைக்கலாம். புகை வரத் தொடங்கிவிட்டால் தொடவே வேண்டாம். புகையில் ஹைட்ரஜன் புளோரைடு இருக்கும். அது நுரையீரலை அரிக்கும். எல்லோரும் அறையை விட்டு வெளியேறி, கதவைச் சாத்தி, 999ஐ அழைத்துப் பொம்பா எனும் தீயணைப்புப் படையிடம் லித்தியம் பேட்டரி என்று சொல்ல வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்த பிறகு, தீ சிறியதாக இருந்து தூர நின்று ஊற்ற முடிந்தால், தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். தண்ணீர் கூடாது என்பது உலோக லித்தியத்துக்குச் சொன்னது. லித்தியம்-அயனுக்குத் தேவை குளிர்ச்சி. அணைந்தது போல் தெரிந்த பேட்டரி மீண்டும் பற்றுவதுண்டு. உடனே குப்பைத் தொட்டியில் போடுவது தவறு.

தோல் வெந்தால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பற்பசை, மாவு, சோயா சாஸ் எதையும் தடவக் கூடாது. பேட்டரியிலிருந்து கசிந்தது பட்டிருந்தால் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போய், இன்னது பட்டது என்று சொல்லிவிட வேண்டும்.

முத்திரை, சட்டம், பயணம்

மலேசியாவில் 2022 ஆகஸ்ட் முதல் மின்சிகரெட் கருவிகளுக்குச் சிரிம் சான்றும் அதற்கான முத்திரையும் கட்டாயம். அடாப்டரில் மட்டுமல்ல, வேப்பின் பெட்டியிலும் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு வேப் விற்பதைத் தடுக்கிறது. ஜொகூர் 2016இலும், திரெங்கானுவும் பெர்லிசும் 2025 ஆகஸ்ட்டிலும் விற்பனையையே நிறுத்திவிட்டன. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நாடு முழுவதும் முற்றாகத் தடை செய்யக் கோரிப் பல காலமாகக் குரல் கொடுத்து வருகிறது. சுகாதாரத்தைப் பொறுத்தவரை அந்தக் கோரிக்கைக்கு வலுவான காரணங்கள் உண்டு. சரியாகச் சார்ஜ் போடுவது பேட்டரியைத்தான் பாதுகாக்கும், நிக்கோட்டின் போய்ச் சேரும் உடம்பை அல்ல. தடை வரும் இடங்களில் முத்திரை இல்லாத சரக்கு மறைவாகப் புழங்கும் என்பதையும், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கருவிகள் ஒரே நாளில் மறைந்துவிடா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

விமானத்தில் வேப்பைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பக் கூடாது. கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், விமானத்துக்குள் சார்ஜ் போடக் கூடாது. அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015இல் கொண்டுவந்த விதி இது. இருக்கைக்கு அருகே புகைந்தால் சிப்பந்திகள் பார்த்து அணைக்க முடியும், சரக்கு அறையில் முடியாது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் வந்த பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. இந்தியா 2019இல் மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாவற்றையும் சட்டத்தால் தடை செய்தது. தமிழ்நாடு அதற்கு ஓராண்டு முன்பே தடை விதித்துவிட்டது. சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகிறவர்கள் வேப்பை வீட்டிலேயே, பாதிச் சார்ஜில், அணைத்து வைத்துவிட்டுப் போவதே சரி.

ஆயுள் முடிந்த பேனாவைச் சாதாரணக் குப்பையில் போட்டால் லாரியின் அமுக்கியில் நசுங்கிப் பற்றக்கூடும். ஜெலுத்தோங் குப்பைமேடும் பூலாவ் பூரோங் குப்பைமேடும் 2022இல் தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்தபோது, அத்தகைய தீயை அணைப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தீவும் எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையும் பார்த்தன. பினாங்கில் 2016 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைக்கும் முறை இருக்கிறது. பேட்டரியும் வேப்பும் அதில் மின்கழிவு வகையைச் சேர்ந்தவை. பாட்டுக்குள் மிஞ்சிய நிக்கோட்டின் திரவம் பிள்ளைகளுக்கு நஞ்சு என்பதால் அதை முதலில் கழற்றித் தனியே மூடிக் கட்டிவிட வேண்டும். உதிரி பேட்டரியின் இரு முனைகளிலும் ஒட்டுநாடாவைச் சுற்ற வேண்டும். பேட்டரியைக் கழற்ற முடியாத வகையாக இருந்தால் உடைக்காமல் அப்படியே முழுதாக மின்கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுத்துவிட வேண்டும். உப்பியிருந்தால் மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, வாங்குபவரிடம் அதைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.